சரக்கை விண்ணுக்கு அனுப்ப ராக்கெட்டை விட்டால் வேறு வழி உண்டா?

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகிறது. அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஓர் இடத்துக்கு மூன்று நான்கு டன் சாமான் கொண்டுபோக 500 டன்னுக்கு மேல் எடையுள்ள ராக்கெட்டைக் கொளுத்தவேண்டுமா, பெரிய பலூனில் கட்டித் தூக்கக் கூடாதா, பீரங்கியில் வைத்துச் சுடக் கூடாதா, ஒரு லிஃப்ட் கட்டிவிடக் கூடாதா என்றெல்லாம் பலருக்கும் தோன்றியிருக்கும். அசட்டுக் கேள்வி இல்லை. இவை எல்லாவற்றையும் பொறியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள், சிலவற்றைச் செய்தே பார்த்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். சுற்றுப்பாதைக்குப் போவதில் உயரம் பெரிய பிரச்சினையே இல்லை, வேகம்தான் பிரச்சினை. 400 கி.மீ. உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது. அங்கே ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கையை விட்டால் நேராகக் கீழே விழும். விழாமல் இருக்கவேண்டுமானால் அது பக்கவாட்டில் வினாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில், அதாவது மணிக்கு 27,000 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். அப்போதும் அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு கீழே இறங்குகிறதோ, உருண்டையான பூமியும் அதே அளவு வளைந்து விலகிவிடுகிறது. விண்வெளி வீரர்கள் மிதப்பதற்கும் இதுதான் காரணம், அங்கே ஈர்ப்பு இல்லாததால் அல்ல.

ஆற்றல் கணக்கைப் பார்த்தால் இன்னும் புரியும். ஒரு கிலோவை 400 கி.மீ. உயரத்துக்குத் தூக்க மட்டும் 3.7 மெகாஜூல் போதும். அதே ஒரு கிலோவுக்கு அந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுக்க 29 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். மொத்தம் சுமார் 33 மெகாஜூல், மின்சாரமாகச் சொன்னால் 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். அவ்வளவுதான்! ஒரு கிலோ மண்ணெண்ணெயை எரித்தால் 43 மெகாஜூல் கிடைக்கும், அதாவது தேவையைவிட அதிகம்.

அப்படியானால் ராக்கெட் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? அது தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு போகிறது, அந்த எரிபொருளை எரிக்க வேண்டிய ஆக்சிஜனையும் சுமக்கிறது, அந்தச் சுமையைத் தூக்க இன்னும் எரிபொருள், அதைத் தூக்க இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கும். ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. காற்றின் தடையையும், மேலேறும்போது ஈர்ப்போடு மல்லுக்கட்டுவதில் வீணாவதையும் சேர்த்தால் ராக்கெட் மொத்தமாக வினாடிக்கு 9.4 கி.மீ. அளவுக்கு வேகத்தை உண்டாக்கவேண்டும். மண்ணெண்ணெய் இன்ஜினின் பின்னால் பீறிடும் வாயுவின் வேகமோ 3 முதல் 3.5 கி.மீ.தான். இந்த இரண்டு எண்களையும் சமன்பாட்டில் போட்டால், ஒரே அடுக்கு ராக்கெட்டாக இருந்தால் அதன் எடையில் ஏறக்குறைய 94 சதவீதம் எரிபொருளும் ஆக்சிஜனுமாகவே இருந்தாகவேண்டும் என்று வரும். மிச்சமுள்ள 6 சதவீதத்துக்குள் இன்ஜின், தொட்டி, மின்னணு எல்லாம் அடங்கி, அதற்குப் பிறகு இடம் இருந்தால் சரக்கு. காலியான தொட்டியை வழியிலேயே கழற்றிவிடும் அடுக்கு ராக்கெட்டுகள் வந்தது இதனால்தான். அப்படியும் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் எடை 549 டன், எதையும் திருப்பிக் கொண்டுவராமல் முழு மூச்சாக ஏவினால்கூடத் தாழ்வான சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகக்கூடியது 22.8 டன். நான்கு சதவீதம்.

ஆகவே, புதுசாக யாராவது ஒரு வழி சொன்னால் நான் மூன்று விஷயங்களைக் கேட்பேன். அந்த 9.4-ல் இது எவ்வளவைக் கொடுக்கிறது? சரக்கு அதைத் தாங்குமா? பாதி வழியில் கெட்டுப்போனால் யார் தலையில் விழும்? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலான உற்சாகமான வீடியோக்கள் மறந்துவிடுகின்றன.

பலூனை முதலிலேயே முடித்துவிடலாம். பலூனில் தூக்கிப்போய் மேலே ராக்கெட்டைப் பற்றவைக்கும் முறையை அமெரிக்க இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் 1952-லேயே செய்துகாட்டினார், ஆனால் அது மேலே போய் அளவெடுத்துவிட்டுக் கீழே விழும் சின்ன ஆய்வு ராக்கெட்டுகளுக்கு. பலூன் தருவது உயரம் மட்டும், வேகம் பூஜ்யம். விமானம் கொஞ்சம் பரவாயில்லை. 1990-ல் முதன்முதலில் பறந்த பெகாசஸ் ராக்கெட், விமானத்தின் வயிற்றடியில் தொங்கியபடி 12 கி.மீ. உயரம் போய், அங்கிருந்து கழன்று விழுந்து, அப்புறம் பற்றிக்கொள்ளும். காற்று மெலிந்த இடத்தில் தொடங்குவதாலும், எந்தக் கடலுக்கு மேல் வேண்டுமானாலும் போய் ஏவலாம் என்பதாலும் லாபம் உண்டு. ஆனால் விமானம் கொடுக்கும் வேகம் வினாடிக்குக் கால் கி.மீ., நமக்கு வேண்டியதோ 9.4. அதிலும் விமானம் தூக்கக்கூடிய அளவுக்குத்தான் ராக்கெட் இருக்கமுடியும் என்பதால் பெகாசஸின் கொள்ளளவு 450 கிலோவைத் தாண்டவில்லை. எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டுக்கு மேலே விமானிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போயிங் 747-ன் இறக்கையில் ராக்கெட்டை மாட்டி 2021-ல் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதைக்கு அனுப்பிய விர்ஜின் ஆர்பிட் நிறுவனம் 2023-ல் திவாலானது.

பீரங்கி யோசனை இதைவிடச் சுவாரஸ்யமானது. எரிபொருளைத் தரையிலேயே விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் வீசலாம் என்பதால் சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டிலிருந்தே தப்பித்துவிடலாம் என்று தோன்றும். ஜெரால்ட் புல் என்ற கனடியப் பொறியாளர் 1960-களில் கடற்படையின் 16 அங்குலப் பீரங்கிகளை வாங்கி, குழாயை நீட்டி, பார்படோஸ் தீவிலிருந்தும் அரிசோனா பாலைவனத்திலிருந்தும் சுட்டுப் பார்த்தார். 1966-ல் ஒரு குண்டு 180 கி.மீ. உயரம் போனது. விண்வெளியின் எல்லை என்று வழக்கமாகச் சொல்லும் 100 கி.மீ.யைத் தாண்டி நல்ல உயரம். ஆனால் குழாயை விட்டுக் கிளம்பியபோது அதன் வேகம் வினாடிக்கு 2 கி.மீ. சொச்சம்தான். போனது, திரும்பி விழுந்தது.

சரி, 8 கி.மீ. வேகத்தில் சுட்டால்? 100 மீட்டர் நீளக் குழாய்க்குள் அந்த வேகத்தை எட்டவேண்டுமானால் முடுக்கம் 30,000 ஜியைத் தாண்டும். ஒரு ஜி என்பது நம் சாதாரண எடை. 30,000 ஜி என்றால் ஒரு கிலோ பொருள் 30 டன் பொருளைப்போல அழுந்தும். மனிதர்கள் சௌகரியமாகத் தாங்கும் 3 ஜியோடு நிறுத்தவேண்டுமென்றால் குழாய் 1,000 கி.மீ.க்கு மேல் நீளவேண்டும். மின்காந்த விசையால் தள்ளும் தண்டவாளத்தில் ஓட்டினாலும் வெடிமருந்தால் தள்ளினாலும் இந்தக் கணக்கு மாறாது. வேகமும் நீளமும் தீர்மானமாகிவிட்டால் முடுக்கம் இவ்வளவு என்று அப்போதே முடிவாகிவிடுகிறது. அடுத்தது காற்று. ராக்கெட் அடர்ந்த காற்றில் மெதுவாகப் போய், காற்று மெலிந்த பிறகுதான் வேகத்தைக் கூட்டுகிறது. பீரங்கிக் குண்டு தலைகீழ். கடல்மட்டத்துக் காற்றில்தான் அதன் உச்ச வேகம். விண்கலங்கள் பூமிக்குத் திரும்பும்போது மெலிந்த காற்றிலேயே எப்படிக் கனன்று சிவக்கின்றன என்று பார்த்திருப்பீர்கள், அதை அடர்த்தியான காற்றில் நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. தரையிலிருந்து ஒரே தள்ளில் வீசிய எதுவும், காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பூமியைச் சுற்றிவந்து புறப்பட்ட புள்ளிக்கேதான் திரும்ப வரும், அதாவது தரையில் மோதும். பாதையின் உச்சியில் இன்னொரு தள்ளு கொடுத்தால்தான் அது நிலையான சுற்றுப்பாதை ஆகும். அந்த இரண்டாவது தள்ளுக்கு அங்கே ஒரு மோட்டார் இருக்கவேண்டும், ஆக எந்தப் பீரங்கியும் ஒரு குட்டி ராக்கெட்டையும் சேர்த்தேதான் சுடவேண்டும்.

இதை ஒத்துக்கொண்டு, 'பாதி வேலையை நாங்கள் செய்கிறோம், மீதியை ராக்கெட் செய்யட்டும்' என்று வந்தது ஸ்பின்லாஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம். கவணில் கல்லைச் சுழற்றி விடுகிறோமே, அதே வேலைதான்: காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய பெரிய வட்ட அறைக்குள் நீளமான கை ஒன்று சுழலும், அதன் நுனியில் கலம், சரியான கணத்தில் விட்டால் ஒரு குழாய் வழியாக வெளியே பாயும். நியூ மெக்சிகோவில் சுமார் 33 மீட்டர் அகலச் சோதனைக் கருவியை 2021-ல் இயக்கிக் காட்டினார்கள். சுற்றுப்பாதைக்கான பெரிய வடிவம் 100 மீட்டர் அகலம் என்று திட்டம், கிளம்பும் வேகம் வினாடிக்கு 2 கி.மீ. அளவில், சரக்கு 200 கிலோ, அறைக்குள் தாங்கவேண்டியது 10,000 ஜி. மீதி 6 கி.மீ. வேகத்துக்கு மேல் உள்ளே இருக்கும் ராக்கெட்டே கொடுக்கவேண்டும், அந்த ராக்கெட்டும் 10,000 ஜியைத் தாங்கவேண்டும். ஒரு கிலோ திருகாணி பத்து டன் கனத்தில் இழுபடும் அறைக்குள் இன்ஜினும் எரிபொருள் தொட்டியும் நசுங்காமல் இருக்க அவற்றைத் தடிமனாகச் செய்யவேண்டும், தடிமன் என்றால் எடை, எடை என்றால் லாபம் போச்சு. கலத்தை விட்ட அடுத்த கணமே சுழலும் கையின் சமநிலை ஒரு பக்கமாகக் கெடுமே, அதையும் சமாளிக்கவேண்டும். கெட்டிக்காரத்தனமான பொறியியல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 200 கிலோவுக்காக இத்தனை பாடா என்பதில் சந்தேகம் உண்டு.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். எல்லாச் சரக்கும் ஒரே மாதிரி அல்ல. தண்ணீர், எரிபொருள், உலோகக் கட்டி இவற்றுக்கு 10,000 ஜி ஒரு பொருட்டே இல்லை, கொள்கலன் உடையாமல் இருந்தால் போதும். மின்னணுக் கருவிகள்கூட நாம் நினைப்பதைவிட உறுதியானவை. இரண்டாம் உலகப் போரிலேயே பீரங்கிக் குண்டுக்குள் கண்ணாடி வால்வுகள் கொண்ட ரேடியோக் கருவியைப் பொருத்திச் சுட்டார்கள், அது 20,000 ஜியைத் தாங்கி வேலை செய்தது. மடித்து வைத்த சூரியத் தகடுகளும் தொலைநோக்கிக் கண்ணாடிகளும்தான் ஒத்துவராது. எனவே என்றைக்காவது சுற்றுப்பாதையில் எரிபொருள் கிடங்குகள் வந்து, வருஷம் முழுக்க ஆயிரக்கணக்கான டன் ஒரே வகைத் திரவத்தை அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டிய நிலை வந்தால், இந்த வீச்சு இயந்திரங்களுக்கு வேலை இருக்கலாம். அந்தத் தேவை இன்றைக்கு இல்லை.

விண்வெளி லிஃப்ட்டைப் பற்றியும் கேட்பார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரு பொருள் பூமியோடு சேர்ந்தே சுற்றும். அங்கிருந்து ஒரு கயிற்றைத் தரைவரை இறக்கி, மறுபக்கம் வெளியேயும் நீட்டி எதிர்எடை கட்டினால் கயிறு விறைப்பாக நிற்கும், அதில் பெட்டி ஏறிப்போகலாம். சோவியத் பொறியாளர் யூரி அர்சுதானோவ் 1960-ல் இதை எழுதினார். கணக்கு சரி, கயிறுதான் இல்லை. எஃகுக் கம்பி சில பத்து கி.மீ. நீளத்திலேயே தன் எடையால் அறுந்துபோகும். கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய இழையான கார்பன் நானோ குழாய்க்கு அந்த வலிமை உண்டு என்கிறார்கள், ஆனால் அதைத் தனி இழையாக வளர்த்ததே அரை மீட்டர் அளவுக்குத்தான், தேவையோ பல்லாயிரம் கி.மீ. கயிறு கிடைத்தாலும் 400 கி.மீ. மாடியில் இறங்கிக்கொள்ள முடியாது என்பது வேடிக்கை. அந்த உயரத்தில் கயிற்றின் பக்கவாட்டு வேகம் வினாடிக்கு அரை கி.மீ.தான், கையை விட்டால் விழவேண்டியதுதான். மேலே பல்லாயிரம் கி.மீ. ஏறினால்தான் வேகம் தானாகச் சேரும். பாதுகாப்புக் கேள்விக்கு வந்தால், எந்தச் சுற்றுப்பாதையும் நிலநடுக்கோட்டுத் தளத்தை வெட்டியே தீரும், ஆக கயிற்றின் உயரத்துக்குக் கீழே சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஒவ்வொரு உடைந்த துண்டும் என்றைக்காவது அந்தக் கயிற்றின் மேல் மோத வாய்ப்புண்டு.

லேசரால் கீழிருந்து தள்ளும் முறையில் இதுவரை எட்டிய உயரம் 71 மீட்டர், 2000-ல், கையளவுக் கலம். அணுகுண்டுகளைப் பின்னால் வெடித்து வெடித்துப் பறக்கும் ஓரியன் திட்டத்தை 1950-களின் இறுதியில் தொடங்கி நிஜமாகவே ஆராய்ந்தார்கள். 1963-ல் வளிமண்டலத்தில் அணுவெடிப்பைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்தது, அதற்குப் பிறகு அது தேறவில்லை. நல்லவேளை.

ஆகக்கூடி, திரும்பவும் ராக்கெட்டுக்கே வருகிறோம். அதைப் பாதுகாப்பானது என்று சொல்லிவிடமுடியுமா? ஒரு ராக்கெட் என்பது நூற்றுக்கணக்கான டன் எரிபொருளும் ஆக்சிஜனும் மெல்லிய சுவரால் பிரிக்கப்பட்டு நிற்பது. 1996 பிப்ரவரியில் சீனாவின் சிச்சாங்கிலிருந்து கிளம்பிய லாங் மார்ச் 3பி சில வினாடிகளிலேயே சாய்ந்து, பக்கத்திலிருந்த குடியிருப்புக்கு அருகே விழுந்து வெடித்து உயிர்களைப் பறித்தது. 2003-ல் பிரேசிலின் அல்கன்தாராவில் ஏவுவதற்குச் சில நாட்கள் முன்பே ராக்கெட் ஏவுமேடையில் பற்றிக்கொண்டு 21 பேர் இறந்தார்கள். 2013-ல் ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட் கிளம்பியதும் புரண்டு விழுந்ததற்குக் காரணம் திசையுணரும் கருவிகளைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தது. அதன் எரிபொருளான ஹைட்ரஸீன் வகை திரவம் வெடிக்காவிட்டாலும் நச்சு.

சரக்கு ராக்கெட்டின் பாதுகாப்பு என்றால் சரக்கின் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சரக்கு போனால் காப்பீடு இருக்கிறது, கீழே இருப்பவர்கள்தான் முக்கியம். இதற்கு உள்ள பழைய, சலிப்பூட்டும், ஆனால் வேலை செய்கிற மருந்து புவியியல். அமெரிக்காவின் கேப் கனாவெரல், தென் அமெரிக்காவின் கூரூ, நம் ஸ்ரீஹரிகோட்டா ஆகிய ஏவுதளங்கள் எல்லாவற்றுக்கும் கிழக்கே கடல். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் நிலநடுக்கோட்டருகே வினாடிக்கு 0.46 கி.மீ. வேகம் இனாமாகக் கிடைக்கிறது, கெட்டுப்போனாலும் துண்டுகள் தண்ணீரில் விழும். இஸ்ரேலுக்குக் கிழக்கே அண்டை நாடுகள் இருப்பதால் அது மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமாகவே ஏவுகிறது. இனாமை இழப்பதோடு பூமியின் சுழற்சிக்கு எதிராகவும் எரிபொருள் செலவழிக்கவேண்டும். வடக்கு தெற்காகத் துருவங்களுக்கு மேல் சுற்றும் பாதைக்குப் போகும் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. இலங்கைக்கு மேல் பறக்காமல் இருக்க வளைந்து போகிறது, அதற்கும் கொள்ளளவில் விலை உண்டு. ராக்கெட் பாதை தவறினால் அதை வானத்திலேயே உடைத்துவிடும் அமைப்பும் உள்ளே இருக்கும். 1996-ல் ஐரோப்பாவின் ஏரியான் 5-ன் முதல் பயணத்தில், ஒரு பெரிய எண்ணைச் சின்ன இடத்தில் அடைக்கப்பார்த்த மென்பொருள் தவறால் ராக்கெட் 40 வினாடிக்குள் திசைமாறி உடைந்து சிதறியது, யாருக்கும் காயமில்லை.

சரக்கையும் மனிதரையும் ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது என்பது இன்னொரு பாடம், இதற்குக் கொடுத்த விலை அதிகம். அமெரிக்க விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) 135 முறை பறந்ததில் 1986-லும் 2003-லும் இரண்டு ஓடங்கள் அழிந்து 14 பேர் இறந்தார்கள். முதல் விபத்துக்குப் பிறகு வணிகச் செயற்கைக்கோள்களை ஓடத்தில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வெறும் செயற்கைக்கோளைக் கொண்டுவிட எதற்கு ஏழு உயிரைப் பணயம் வைக்கவேண்டும் என்ற கேள்வி தாமதமாக வந்தாலும் சரியான கேள்வி. சோவியத் யூனியன் 1978-லேயே ஆளில்லாத புரோக்ரஸ் சரக்குக் கலத்தைத் தொடங்கிவிட்டது, அந்தக் குடும்பம் இன்றும் ஓடுகிறது. புரோக்ரஸ் கலங்கள் 2011, 2015, 2016-ல் தொலைந்தன, 2014-ல் அமெரிக்காவின் அன்டாரிஸ் ராக்கெட் வெடித்தது, 2015-ல் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் சரக்குக் கலம் போனது. எல்லாம் நஷ்டம், ஒருவர்கூடச் சாகவில்லை. 2015 டிராகன் விபத்தில் ராக்கெட் சிதறிய பிறகும் சரக்குக் கலம் முழுசாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பாராசூட்டை விரிக்கச் சொல்லும் மென்பொருள் ஏற்பாடு அந்தக் கட்டத்துக்கு இல்லாததால் கடலில் மோதி உடைந்தது. அடுத்த கலங்களில் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

செலவைக் குறைத்தது புது இயற்பியல் இல்லை, பழைய ராக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டதுதான். ஃபால்கன் 9 ஏவுதல் செலவில் எரிபொருளின் பங்கு மிகச் சொற்பம், பணமெல்லாம் தூக்கியெறியும் இயந்திரத்தில். 2015 டிசம்பரில் அதன் முதல் அடுக்கு தரையிறங்கியது, 2017 மார்ச்சில் ஏற்கெனவே பறந்த அடுக்கு ஒன்று மறுபடி பறந்தது, 2024-ல் மட்டும் 130 முறைக்கு மேல் ஏவினார்கள். இதில் பாதுகாப்புக்கும் லாபம் இருக்கிறது. கடலில் மூழ்கிப்போகும் ராக்கெட்டில் எது தேய்ந்தது, எது விரிசல் விட்டது என்று யாருக்கும் தெரியாது, திரும்பி வருவதைப் பிரித்துப் பார்க்கலாம். அடிக்கடி பறப்பதால் தப்பும் சீக்கிரம் பிடிபடும்.

பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. மேலடுக்கு இன்னும் பெரும்பாலும் தூக்கியெறியப்படுவதுதான், அது எங்கே விழுகிறது என்பது ஏவுகிறவர்களின் பொறுப்புணர்வைப் பொறுத்தது. சீனாவின் லாங் மார்ச் 5பி-யின் பிரம்மாண்டமான மைய அடுக்கு 2020, 2021, 2022 என மூன்று வருடமும் கட்டுப்பாடில்லாமல் விழுந்தது. எங்கே விழும் என்று கடைசி மணிநேரம் வரை யாருக்கும் தெரியாது. முழுவதும் திரும்பப் பயன்படுத்த உருவாகும் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட் 2025 ஜனவரியில் கரீபியன் தீவுகளுக்கு மேல் உடைந்தபோது பயணிகள் விமானங்களைத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. வானத்தில் ஆள் போக்குவரத்து இருக்கிற பாதைக்கு மேலேயே சோதனை நடத்துவது எவ்வளவு தூரம் சரி என்பது ஏவுகிற நிறுவனம் மட்டும் முடிவு செய்துகொள்ளக்கூடிய விஷயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பீரங்கிக்காரர்களுக்கு ஆறுதலாக ஒன்று. மின்காந்தத் தண்டவாளத்துக்குப் பொருத்தமான இடம் நிலா. அங்கே காற்று இல்லை, தாழ்வான சுற்றுப்பாதைக்கு வினாடிக்கு 1.7 கி.மீ. வேகம் போதும், மண்ணையும் உலோகத்தையும் 100 ஜியில் தள்ளினால் தண்டவாளம் ஒன்றரை கி.மீ. நீளம் இருந்தால் சரி. அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் 1970-களில் இதற்கான மாதிரிகளையே செய்துகாட்டினார். ஆனால் அங்கேயும் ஒரே தள்ளில் வீசியது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தரைக்கே திரும்பும் என்பதால், ஒவ்வொரு மூட்டையோடும் ஒரு சின்ன மோட்டாரை அனுப்பவேண்டும், இல்லையென்றால் அதை உச்சியிலேயே பிடித்துக்கொள்ள யாராவது அங்கே காத்திருக்கவேண்டும்.